டொக் டொக் அக்காவும் இரண்டாவது குப்பியும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். "டொக் டொக் அக்கா" என்று கேட்டால் போதும். லிஃப்ட்காரர் மாடி எதுவென்று கேட்காமலே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

பெயர் வந்த கதை ஒன்றும் ரகசியமில்லை. ஊசியில் மருந்தை ஏற்றியதும் அதை நிமிர்த்திப் பிடிப்பாள். நடுவிரலால் இரண்டு தட்டு. டொக், டொக். ஒட்டிக்கொண்டிருந்த காற்றுக்குமிழி பயந்து மேலே ஓடும். பின்னாலிருந்து ஒரு முடியளவு தள்ளுவாள், குமிழி காலி. எல்லா நர்ஸும் செய்கிற வேலைதான். ஆனால் மற்றவர்கள் குமிழியை எடுப்பார்கள். இவள் வேட்டையாடுவாள்.

பயிற்சிக்கு வந்த முதல் வாரம், அப்போதைய தலைமை நர்ஸ் இவள் ஏற்றிய ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மூக்கிலிருந்து வரும் அந்தக் குரலில், "ஏம்மா, இந்தக் காத்தை யாருக்குக் குடுக்கப் போற? உங்கப்பாவுக்கா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாராம். அன்றைக்கு ஏறிய வேகம் இருபத்தெட்டு வருஷமாக இறங்கவில்லை. வீட்டில் ஷாம்பு பாட்டிலைத் தட்டுவாள். இருமல் மருந்தைத் தட்டுவாள். யாராவது சோடா கொடுத்தால் குமிழி போகும்வரை தட்டிவிட்டுக் குடிப்பாள். அதற்குள் அது வெறும் தண்ணீராகியிருக்கும்.

"கல்யாணத்தன்னிக்கு ஜூஸ் குடுத்தாங்க. மேடையிலேயே தட்டினா. நான் அப்பவே எந்திரிச்சு ஓடியிருக்கணும்" என்பார் வீட்டுக்காரர்.

"ஓடியிருந்தா உங்களை யாரு தடுத்தா?"

"செருப்பைக் காணோமே!"

அவர் பம்பும் குழாயும் பழுது பார்க்கிறவர். கல்லூரிக்குப் போகும் மகள் ஒருத்தி, அம்மா நடப்பது, அப்பா கனைப்பது எல்லாவற்றையும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பவள். அவ்வளவுதான் குடும்பம்.

ஆறு மாதத்துக்கு முன்னால், ஸ்கேன் பிரிவில் புதிதாக ஒரு மிஷினை இறக்கினார்கள். மூளைக்குள் மருந்தைக் கொண்டுபோக அல்ட்ரா சவுண்டைப் பயன்படுத்தும் சோதனைச் சிகிச்சை. ரத்தக்குழாய் கண்ணுக்கே தெரியாத ஆளுக்குக்கூட முதல் குத்திலேயே ஊசி இறக்கும் கை வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. அக்கா அந்தக் குழுவுக்குப் போனாள்.

டாக்டர் நிதானத்துக்கே நிதானம் சொல்லிக்கொடுக்கிறவர். ஒரு வார்த்தை சொல்லி, அது தரையில் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையை விடுவார். அவர் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. மிஷினை இயக்கும் இன்ஜினீயர் பெண் அதற்கு நேர் எதிர். பேச்சு பட்டாசுக்கட்டு. இவர்கள் இருவரும் சொன்னதைக் கலந்து, அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அக்கா வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தாள்.

"உடம்புல மத்த இடத்துல ரத்தக்குழாய் சுவத்துல சின்னச்சின்ன இடுக்கு இருக்குமாம். மருந்து அது வழியா வெளிய போயிடும். மூளைக்குள்ள போற குழாய்ல மட்டும் இடுக்கே கிடையாதாம். அவ்வளவு இறுக்கம். அதனால மூளைக்கட்டிக்கு மருந்து குடுத்தா, மருந்து பக்கத்துலயே ஓடும், உள்ள போகாது."

"அதாவது ஜாயிண்ட் எல்லாம் பக்காவா சீல் வெச்ச பைப்பு."

"அதேதான். இப்ப என்ன பண்றாங்கன்னா, மருந்தை நானோ துகள்னு ரொம்ப ரொம்பப் பொடிசான உருண்டைக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி குமிழி மருந்துன்னு ஒண்ணு ஊசில ஏத்தணும். ரத்த அணுவை விடச் சின்னக் குமிழி, கோடிக்கணக்குல. அது கட்டி இருக்கற இடத்துக்குப் போனதும் தலைக்கு வெளியேயிருந்து அல்ட்ரா சவுண்ட் குடுப்பாங்க. சத்தம் பட்டதும் குமிழி விரியும், சுருங்கும், விரியும், சுருங்கும். அந்த ஆட்டத்துல குழாய் சுவரு லேசா விலகும். நானோ துகள் நைசா உள்ள பூந்துடும். கொஞ்ச நேரத்துல சுவரு தானா மூடிக்கும்."

வீட்டுக்காரர் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். "முப்பது வருஷமா நான் லீக்கை அடைச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க லீக் பண்றதுக்கு மிஷின் வாங்கியிருக்கீங்க!"

"அம்மா," என்றாள் மகள், கண்ணைப் பெரிதாக்கி. "குமிழியை நீயே ஏத்தப் போறியா? நீயா?" சட்டென்று தலைமை நர்ஸின் மூக்குக்குரலைப் பிடித்தாள். "இந்தக் காத்தை யாருக்கும்மா குடுக்கப் போற?"

மூவரும் சிரித்தார்கள். ஆனால் படுத்த பிறகு அக்கா தன் நடுவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். அது சமர்த்தாகத்தான் இருந்தது.

ஒத்திகையில் அது தன் குணத்தைக் காட்டியது. குமிழி மருந்து ஒரு சின்னக் குப்பியில் வரும். அதை ஒரு குலுக்கு மிஷினில் வைத்தால், கிர்ர்ர் என்று முக்கால் நிமிஷம் ஆடி, பால் போல வெள்ளையாக இறங்கும். அந்த வெள்ளைதான் குமிழி. உடனே ஊசியில் ஏற்றிவிட வேண்டும். நிற்கவிட்டால் குமிழியெல்லாம் மேலே மிதந்துபோய், அடியில் வெறும் தெளிந்த தண்ணீர் தங்கும். நிற்கவிட்டுவிட்டால் குப்பியைக் கவிழ்த்து மெதுவாக உருட்டிக் கலக்கிவிட்டு ஏற்ற வேண்டும். முதல் மூன்று ஒத்திகையிலும் அக்கா வெள்ளையை ஏற்றினாள், நிமிர்த்தினாள், டொக் டொக்.

"அக்கா! தட்டாதீங்க!" என்று கத்துவாள் இன்ஜினீயர் பெண்.

"ஐயோ, கை தானாப் போகுதும்மா."

"அந்தக் கையை வீட்டுல விட்டுட்டு வாங்க."

"அப்ப யாரு குத்துறது, நீயா? நீ குத்தினா அந்த ஜெல்லி மண்டையே எந்திரிச்சு ஓடிடும்."

ஒத்திகைக்கு வைத்திருந்த ஜெல்லியால் செய்த மண்டைதான் அந்த ஜெல்லி மண்டை. நாலாவது ஒத்திகைக்கு இன்ஜினீயர் பெண் ஒரு அட்டையில் 'தட்டாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி மருந்துத் தட்டிலேயே ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அக்கா தட்டவில்லை. பத்து ஒத்திகை, ஒரு தட்டு கிடையாது. ஜெல்லி மண்டைக்குள் குமிழிகள் ஆடும்போது கேட்கும் சத்தத்தை மிஷின் பிடித்து ஸ்பீக்கரில் விடும். சோடா பாட்டிலைத் திறந்து காதோரம் வைத்த மாதிரி, கிசுகிசுகிசு. அதைக் கேட்டால்தான் குமிழி சரியான இடத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். வாழ்க்கையில் முதல்முறையாகக் குமிழிச் சத்தம் கேட்டு அக்காவுக்குச் சந்தோஷம் வந்தது.

முதல் நோயாளி ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வேனில் வரும் இருபத்திரண்டு பிள்ளைகளும் அவரை ஹாரன் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். வேனின் ஹாரன் கெட்டுப்போன ஒரு வாரம் முழுக்க, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனவர். மூளையின் இடப்பக்கம் கட்டி. வலது கைப்பிடி தளர்ந்து, போன மாதம் ஸ்டியரிங் நழுவியதும் அவரே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பிள்ளைகளை இறக்கி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

"பாம் பாம்! சிஸ்டர், வழி விடுங்க" என்றுதான் அன்று காலை சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார். மனைவி வேன் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னாலேயே வந்தாள். "நேத்து ராத்திரியிலேருந்து இதே பாட்டுதான் சிஸ்டர். உள்ள போறதுக்குள்ள தொண்டை கட்டிடும்."

"கட்டட்டும்," என்றாள் அக்கா. "அந்தக் கட்டிக்கும் சேர்த்து மருந்து குடுத்துடலாம்."

சிரித்தாலும் மூவருக்கும் தெரியும். நானோ மருந்து காலை எட்டரைக்குக் கலக்கப்பட்டது. பன்னிரண்டரைக்கு மேல் அது உதவாது. அடுத்த தடவை அனுப்ப மூன்று வாரமாகும். அந்த மூன்று வாரத்தில் வலது கையில் மிச்சமிருக்கும் பிடி இருக்குமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. எல்லாம் இன்றைக்கு, இந்த நாலு மணி நேரத்துக்குள்.

தலையை முழுக்க மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, நாலு திருகு வைத்துச் சட்டம் பொருத்தினார்கள். "என் வண்டிக்கே இவ்வளவு போல்ட்டு கிடையாதுங்க" என்றார் வேன்காரர். தலைக்கும் அந்தப் பெரிய கவசத்துக்கும் நடுவில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பினார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் சத்தம் உள்ளே போகாது. உள்ளே ரத்தத்திலோ கோடிக் குமிழி வேண்டும். இந்த முரண்டு பிடித்த வேலையில் எல்லோருக்கும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

குலுக்கு மிஷின் கிர்ர்ர் என்று ஓய்ந்த அதே நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். "சிஸ்டர். கொஞ்சம். இந்தக் கழுத்தை. தாங்கிப் பிடிங்க." அக்கா குப்பியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினாள். சட்டத்தைச் சரிசெய்ய, தலையணையை மாற்ற, வேன்காரரைச் சிரிக்காமல் இருக்கச் சொல்ல என்று பத்து நிமிஷம் போய்விட்டது. அவசரத்தில் யாரோ பிரித்துப் போட்ட பஞ்சுப் பொட்டலம் தட்டில் இருந்த அட்டையை மூடிக்கொண்டு கிடந்தது.

திரும்பி வந்தாள். ஊசியை எடுத்தாள். வேன்காரர் கவசத்துக்குள்ளிருந்து, "சிஸ்டர், பயமா இருந்தா கைல குடுத்த பந்தை அமுக்கச் சொன்னாங்க. எனக்குப் பந்தெல்லாம் வேணாம். ஹாரன் அடிக்கறேன்" என்றார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏற்றினாள். கை தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், மிஷினை இயக்கும் அறையில் டாக்டரோடு இருந்த இன்ஜினீயர் பெண் விசையைத் தட்டினாள். "அக்கா, மெதுவா விடுங்க. சத்தம் ஆரம்பிக்குது."

அக்கா சொட்டுச் சொட்டாகத் தள்ளினாள். எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

ஒன்றுமில்லை.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் விட்டாள். ஸ்பீக்கர் ஊமையாக உட்கார்ந்திருந்தது. திரையில் கோடு, துவைத்துக் காயப்போட்ட கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. இன்ஜினீயர் பெண்ணின் பட்டாசுப் பேச்சு நனைந்துபோயிற்று. "கேபிளா இருக்குமோ? இல்ல மைக்கா? தண்ணில காத்து இருக்கா? சார், நேத்து எல்லாம் சரியாத்தான இருந்துச்சு. நான் மூணு தடவை பாத்தேன் சார், சத்தியமா மூணு தடவை!"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. "கவசத்தை. கழட்டித்தான். பாக்கணும். கழட்டினா. இன்னிக்கு முடியாது." ஒரு பெருமூச்சு. "நிறுத்திடலாம்."

நிறுத்திடலாம் என்ற வார்த்தை கண்ணாடியைத் தாண்டிக் கேட்டிருக்காது. ஆனால் மைக் திறந்திருந்தது. காலையிலிருந்து வாயை மூடாத மனுஷனிடமிருந்து ஒரு ஹாரன்கூட வரவில்லை.

அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். உள்ளே மிச்சமிருந்தது பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. எவ்வளவு சுத்தம், என்று ஒரு நொடி கைக்குப் பெருமைகூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது. தெளிவா? வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? தட்டில் நின்ற குப்பியைத் திரும்பிப் பார்த்தாள். மேல்பக்கம் கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம். பஞ்சுப் பொட்டலத்தை ஒதுக்கினாள். 'தட்டாதே.'

எல்லாம் புரிந்துவிட்டது. குப்பி பத்து நிமிஷம் நின்றிருக்கிறது. இவள் அடியில் இருந்த தண்ணீரை ஏற்றியிருக்கிறாள். அதில் தப்பித் தவறி வந்திருந்த கொஞ்ச வெள்ளையையும் டொக் டொக் என்று தட்டி மேலே வரவழைத்து, ஒரு முடியளவு தள்ளி, வெளியே துரத்தியிருக்கிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு ஊசியை அவள் ஏற்றியதே இல்லை.

யாருக்கும் தெரியாது. பழியை மிஷின் சுமக்கும், இன்ஜினீயர் பெண் இரண்டு நாள் அழுவாள், மூன்று வாரத்தில் எல்லாம் மறந்துவிடும். வேன்காரரின் கையைத் தவிர.

"மிஷினைக் கழட்டாதீங்க," என்றாள். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "மிஷின் மேல தப்பில்ல. என் மேல."

இன்ஜினீயர் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். "அக்கா... தட்டினீங்களா?"

"தட்டினேன்."

"எத்தனை?"

"எப்பவும் போல ரெண்டு. அதுக்கு முன்னாடியே குப்பி நின்னுபோச்சு. வெறும் தண்ணியைத்தான் விட்டிருக்கேன்."

டாக்டர் முதல்முறையாக ஒரே மூச்சில் பேசினார். "அப்ப மிஷின் சரியாத்தான் இருக்கு, குமிழி இல்லைன்னு சரியாத்தான் சொல்லியிருக்கு!"

"ஆமாங்க சார்."

"இன்னொரு குப்பி?"

"ஒண்ணு இருக்கு. அதுதான் கடைசி."

அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் எழுதியிருந்தது. கடைசிக் குப்பியையும் அதே கையிலா? அக்காவே சொன்னாள். "மாடியிலேருந்து வேற யாரையாவது கூப்பிடுங்க சார். என் கையை எனக்கே நம்ப முடியல."

அப்போது ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. குமிழி இல்லை.

"பாம் பாம். நான் ஒண்ணு சொல்லலாமா? எல்லாம் கேட்டுக்கிட்டுதான் படுத்திருக்கேன்."

"சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"சிஸ்டர், நான் ஒரு நாள் காலைல பசங்க இருபத்திரண்டு பேரையும் ஏத்திக்கிட்டு ஏதோ யோசனைல நேரா எங்க வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன். தினம் சாயந்தரம் போற வழி பாருங்க, வண்டி தானா திரும்பிடுச்சு. பசங்க எல்லாம் 'மாமா, இன்னிக்கு ஸ்கூல் உங்க வீட்டுலயா'ன்னு கேக்குது. என் பொண்டாட்டி வாசல்ல நின்னு தலையில அடிச்சுக்கறா. என்ன பண்ணேன்? திருப்பிட்டுப் போனேன். மணி அடிக்கறதுக்குள்ள சேர்த்துட்டேன். நீங்களும் திருப்புங்க. இந்த நரம்பைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள போன தடவை மூணு பேரு என்னைச் சல்லடை ஆக்கிட்டாங்க. இன்னிக்கு நீங்க ஒரே குத்துல முடிச்சீங்க. புது ஆளு வேணாம்."

டாக்டர் தலையாட்டினார். "போடுங்க சிஸ்டர்."

அக்கா பிளாஸ்திரியைக் கிழித்தாள். நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து வைத்து மூன்று சுற்று சுற்றினாள். "இப்ப தட்டட்டும் பாப்போம்." அது போதாதென்று இன்ஜினீயர் பெண்ணைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நிறுத்தி, "என் கையை விட்டுக் கண்ணை எடுக்காத. அசைஞ்சுதுன்னா கத்து" என்றாள்.

"கத்தறதுன்னா எனக்குச் சொல்லியா தரணும்?"

கிர்ர்ர்ர். முக்கால் நிமிஷம் முக்கால் யுகமாகப் போயிற்று. குப்பி ஓய்ந்த நொடியில் கையில் எடுத்தாள். கவிழ்த்தாள், ஒரு உருட்டு உருட்டினாள், ஏற்றினாள். வெள்ளை! கெட்டிப் பால் மாதிரி வெள்ளை. நிமிர்த்திப் பிடித்தாள். மேலே தெளிவாக ஒரு காற்றுக்குமிழி, மிளகு அளவு, அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. கட்டிப்போட்ட விரல் பிளாஸ்திரிக்குள் துடித்தது.

"அக்கா!"

"தட்டலடி, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்!"

தட்டாமல், மெதுவாகச் சாய்த்து, அந்த ஒன்றை மட்டும் வெளியே விட்டாள். ஓட்டமும் நடையுமாக வேன்காரரிடம் போய், கையில் போட்டிருந்த ஊசிக்குழாயில் பொருத்தினாள். இன்ஜினீயர் பெண் தன் நாற்காலிக்குப் பறந்தாள்.

"விடுங்க அக்கா. மெதுவா. சத்தம் ஆரம்பம்."

ஒரு சொட்டு. இரண்டு. மூன்று.

கிசு.

இன்ஜினீயர் பெண் ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்.

கிசு... கிசுகிசு... கிசுகிசுகிசுகிசு! ஸ்பீக்கர் முழுக்க, ஆயிரம் சோடா பாட்டிலை ஒரே நேரத்தில் திறந்த மாதிரி. திரையில் கிடந்த கயிறு எழுந்து குதித்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு, சார், குமிழி பாடுது சார், சரியா கட்டி மேலயே பாடுது, அக்கா நிறுத்தாதீங்க, அப்படியே, அப்படியே!" இன்ஜினீயர் பெண்ணின் பட்டாசு மறுபடி பற்றிக்கொண்டது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் தள்ளினாள். சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் குமிழிகள் விரிந்தன, சுருங்கின, பதில் சொல்லின.

அப்புறம் ஸ்கேன் படம் எடுத்தார்கள். சுவர் விலகியிருந்தால் அந்த இடத்தில் மட்டும், ரத்தத்தில் விட்டிருந்த ஒளிரும் சாயம் கசிந்து வெள்ளையாகத் தெரிய வேண்டும். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. கறுப்பு. சாம்பல். கறுப்பு. இடப்பக்கம், கட்டி இருந்த இடத்தைச் சுற்றி, யாரோ சுண்ணாம்பை விரலால் தொட்டு வைத்த மாதிரி, வெள்ளை.

நிதானத்துக்கே நிதானம் சொல்லிக்கொடுக்கும் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தார். "லீக்! சிஸ்டர், லீக்! அருமையான லீக்!"

பன்னிரண்டு ஐந்துக்கு நானோ மருந்து சொட்டத் தொடங்கியது. பன்னிரண்டு இருபத்தெட்டுக்குக் கடைசிச் சொட்டும் இறங்கிற்று. டாக்டர் நடையில் நின்றிருந்த மனைவியிடம் வந்து பழைய நிதானத்தில் சொன்னார். "கட்டி சுருங்குமான்னு. அடுத்த படம்தான் சொல்லும். ஆனா இன்னிக்கு. மருந்து. உள்ள போயிடுச்சு." அந்த அம்மாள் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவர் ஹாரன் அடிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ மாடித் தொட்டிக்குள் இருந்தார், குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"என்னங்க! லீக் ஆயிடுச்சுங்க!"

"ஐயையோ, எங்க? முதல்ல வால்வை மூடு!"

"மூடக் கூடாது! அதுவே மூடிக்கும்! மூளைல லீக்குங்க, நான்தான் பண்ணேன்!"

அந்தப்பக்கம் தண்ணீருக்குள் ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், என் பொழப்புக்கே வேட்டு வெச்சுட்டியே!" என்று ஒரு சிரிப்பு, தொட்டி முழுக்க எதிரொலித்தது.

திரும்பி உள்ளே போனபோது டாக்டரும் இன்ஜினீயர் பெண்ணும் வேன்காரரைச் சக்கரக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். தலையில் திருகு இருந்த இடங்களில் நாலு பொட்டுக் கட்டு. "சிஸ்டர், பாருங்க" என்று வலது கையைத் தூக்கினார். பிடி அதே தளர்ச்சியில்தான் இருந்தது. ஆனாலும் தூக்கிக் காட்டினார். அக்கா விரல் பிளாஸ்திரியை உரித்துவிட்டு, மருந்து போன குழாயைக் கழுவ உப்புத்தண்ணீர்ப் பையை மாட்டினாள். வெளிச்சத்தில் பார்த்தாள். குழாயில், நடு வழியில், குண்டாக ஒரு குமிழி.

நடுவிரல் எழுந்தது.

"அக்கா!" "சிஸ்டர்!" "பாம் பாம் பாம்!" மூன்று குரல்களும் ஒன்றாக வெடித்தன.

அக்கா இடுப்பில் கை வைத்து மூவரையும் முறைத்தாள். "இது உப்புத்தண்ணி! இதுல காத்து இருக்கக் கூடாது! இதுக்குத் தட்டியே ஆகணும்!"

அவள் திரும்பினாள், குழாயை நிமிர்த்தினாள், இருபத்தெட்டு வருஷத்துப் பசியோடு, இரண்டல்ல, ஐந்து தட்டு தட்டினாள்.